சட்டைப்பைச் சட்டம்

வள்ளியாத்தாளைக் குப்பண்ணன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத்தான் பார்த்தாள். தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே கையை நீட்டி, உள்ளே கேமரா இருக்கிறதா என்று இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, பையின் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"இருக்குதுங்க. போயிட்டு வாங்க."

"கேமரா இருக்குது, சரி. நான் இருக்கறனான்னு பாத்தியா?"

"நீங்க எங்கீங்க போயிருவீங்க?"

குப்பண்ணன் சித்தூர் போய் உரம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அவள் மிஷின்மேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். அன்றைக்கும் அவர்தான் ஏமாந்தார்.

அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு. மலையாளச் சீமையின் எல்லையோரத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பெண்டாட்டியிடம் தோற்காத ஆண்பிள்ளை கிடையாது. ஆனால் தோற்ற சான்றிதழை நெஞ்சில் தைத்துக்கொண்டு திரிந்தவர் குப்பண்ணன் ஒருவர்தான். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. டீக்கடையில் அவராகவே பட்டனைக் கழற்றிக் காட்டுவார்.

முதலில் முழங்கால். வள்ளியாத்தாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், தோட்டத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தோட்டத்தை நடத்தியவள் அவள். குப்பண்ணன் அதில் நடந்தார், அவ்வளவுதான். மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டு அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். பகலெல்லாம் தையல். பொழுது சாய்ந்து அவர் வந்ததும் விசாரணை.

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்களா?"

"வந்துது."

"எவ்வளவுங்க?"

"வாய்க்கால் அளவுக்கு."

"வடக்கால தென்னை எப்படி இருக்குதுங்க?"

"நிக்குது."

"தென்னை நிக்காம உக்காருமுங்களா? பாளை விட்டிருக்குதா, வண்டு கடிச்சிருக்குதா, அதைச் சொல்லுங்க."

"நாளைக்குப் பாத்துச் சொல்றன்."

"நீங்க பாத்து ஆகறதில்லீங்க. நாளைக்கு என்ற கண்ணைக் கழட்டித் தாறன். கொண்டு போய் எல்லாத்தையும் காட்டிட்டு, பத்திரமாக் கொண்டாந்து குடுங்க."

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கவில்லை. தான் வைத்த தென்னையைத் தான் பார்க்க முடியவில்லையே என்கிற ஆற்றாமை அந்தத் திருப்பலில் இருந்தது. குப்பண்ணனுக்கே அது தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு அறிவித்தார்.

"கேமரா வாங்கறன்! போற எடம், வர்ற எடம், அத்தனையும் புடிச்சுக் கொண்டாந்து உன்ற மடியில கொட்டறன்!"

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் பிரதீப், "எதுக்குங்கப்பா கேமரா? நல்ல போனா ஒண்ணு வாங்கிக்கலாமே" என்றான். வள்ளியாத்தாள் ஒப்பவில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று கிணற்றை எட்டிப் பார்க்கும்போது குப்பண்ணன் ஏற்கனவே இரண்டு போன்களைக் கிணற்றுக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் ஒரு சின்னப் பட்டன் போனை அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டிருந்தாள்.

"கெணத்துக்குள்ள ரெண்டு போனும் ஒண்ணுக்கொண்ணு பேசிட்டுக் கெடக்குது, பிரதீப்பு. மூணாவதும் போனா கான்பரன்ஸ் கால் ஆயிரும். கேமராவே இருக்கட்டும். ஆனா தெனமும் கூடவே இருக்கோணும். குனிஞ்சா உழுகக் கூடாது. பீரோவுல வெச்சுப் பூசை பண்ற சாமான் வேண்டவே வேண்டாம்."

சித்தூரில் ஜிஜி என்று ஒரு மலையாளி பழைய கேமராக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறார். குப்பண்ணனின் பட்ஜெட்டைக் கேட்டதும் புது கேமராக்கள் இருந்த அலமாரியை மரியாதையாக மூடிவிட்டு, பழையதில் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்று சோப்புப் பெட்டி மாதிரி தட்டையாக இருந்தது. மற்றது தடித்த உடம்பும் நீட்டிய மூக்குமாக, சண்டைக்கு வரும் வாத்து மாதிரி இருந்தது. வாத்தைத்தான் குப்பண்ணன் கையில் எடுத்தார். ஜிஜி பொத்தானை அமுக்கினார். மூக்கு நீண்டது. எதிர்மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயின் காம்பு கண் முன்னால் வந்து நின்றது.

குப்பண்ணனுக்கு உடனே பலதும் தெரிந்தது. தேரோட்டம் தெரிந்தது. கழுத்தில் வாத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தான் நடப்பதும், கூட்டம் விலகி வழிவிடுவதும், மச்சினன்மார் வாயைப் பிளப்பதும் தெரிந்தன. முழங்கால் மட்டும் மறந்துபோயிற்று.

"குப்பண்ணேட்டா, தினம் கொண்டு நடக்கணும்னா சின்னது மதி" என்றார் ஜிஜி.

மதி என்றால் மலையாளத்தில் போதும். தமிழில் புத்தி. அன்றைக்குக் குப்பண்ணனுக்கு இரண்டு மதியும் வரவில்லை. பழகிய மனிதர் என்பதால் ஜிஜி இரண்டையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்து அனுப்பினார். வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

வீட்டில் வாத்தை முதலில் வெளியே எடுத்தார்.

"பதினாறு மெகாபிக்சல், புள்ள!"

"பதினாறு மேகமுங்களா? நம்மூருல இத்தன மேகம் வந்து எத்தன நாளாச்சு! ஒரு தூறல் போடுமான்னு கேளுங்க."

"ஜூம் இருக்குது. மரத்து உச்சியில இருக்கற காக்காயோட கண்ணு தெரியும்."

"காக்காய்க்குக் கண்ணு இருக்கறது எனக்குத் தெரியுமுங்க. ஜூம் ஆட்டம் போடறது வேண்டாம். சும்மா பையில இருக்கறதே போதும்."

நேராகப் பெரியது வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது என்பது குப்பண்ணனுக்குப் புரிந்தது. சுற்றி வளைத்துத்தான் போகவேண்டும். இராத்திரி முழுக்க யோசித்தார். விடியும்போது வழி கிடைத்தது. வழி அவருடைய சட்டையிலேயே இருந்தது.

அவருடைய சட்டைகள் எல்லாம் வள்ளியாத்தாள் தைத்தவை. அவற்றின் பைகள் ஊரறிந்தவை. மூக்குக் கண்ணாடி, வெற்றிலைப் பொட்டலம், விதைப் பாக்கெட் எல்லாம் போட்டாலும் நிறையாது. ஒருமுறை மழையில் நனைந்த கோழிக்குஞ்சு ஒன்று அதற்குள் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. குப்பண்ணன் வாத்தை எடுத்துக்கொண்டு வைக்கோற்போருக்குப் பின்னால் போனார். இப்படியும் அப்படியும் திருகிப் பைக்குள் விட்டார். திக்குமுக்காடி நுழைந்துவிட்டது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாமல், வைக்கோற்போரைத் தட்டினார்.

பிறகு மிஷின் முன்னால் போய்க் கம்பீரமாக நின்றார்.

"இந்தா புள்ள, எனக்கு ஓரவஞ்சனை கெடையாது. ஒரே சட்டம். எது சட்டைப் பையில நுழையுதோ அதை வெச்சுக்கலாம். நுழையாததைத் திருப்பிக் குடுத்தர்லாம். நீ சொன்னாப்பல தெனமும் கூடவே இருக்கோணுமல்லோ?"

"ரெண்டும் நுழைஞ்சா?"

"நுழைஞ்சா பெருசுதான். ஒரே வெலைக்கு எச்சா வர்றதை எவனாச்சும் உடுவானா?"

வள்ளியாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பையைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டது அது முதல் தடவை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பயந்திருப்பார்கள். குப்பண்ணன் மீசையைத் தடவினார்.

"அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"குப்பண்ணன் வாக்கு தப்புனதுண்டா?"

"எதுக்கும் முத்துப்பேச்சியச் சாட்சி வெச்சுக்கலாமுங்க. ஞாயித்துக்கெழம வரச் சொல்றன்."

முத்துப்பேச்சி பக்கத்து வீட்டுக்காரி. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்று, மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று பெருமாட்டிக்கு வந்து குடியிருப்பவள். நியாயம் சொல்வதென்றால் சோற்றை விட்டுவிட்டு வருவாள்.

இடையில் இரண்டு நாள் மிஷின் ஓயாமல் ஓடிற்று. "என்ன புள்ள அவ்வளவு தையலு?" என்று கேட்டார். "உங்க சட்டையில அங்கங்க நூலு உட்டிருக்குதுங்க, போட்டுட்டு இருக்கறன்" என்றாள். புருஷன் கேமராவோடு நிற்கும்போது சட்டை நன்றாக இருக்கவேண்டும் என்று எவ்வளவு அக்கறை! குப்பண்ணன் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். குப்பண்ணன் துவைத்து மடித்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெற்றி பெற்றவர் தோரணையில் வாத்தை எடுத்துப் பைக்குள் விட்டார்.

மூக்கு போனது. உடம்பு நின்றுவிட்டது.

திருகினார். திருப்பிப் போட்டார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அமுக்கினார்.

"என்ன அண்ணாச்சி, தலை உள்ள போயிருக்கு, உடம்பு வாசல்லயே நிக்கி? மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் வெக்கப்படுதோ?" என்றாள் முத்துப்பேச்சி.

"அன்னைக்குப் போச்சே!" என்று கத்திவிட்டார் குப்பண்ணன்.

வள்ளியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக்குங்க போச்சு?" வள்ளியாத்தாளின் குரலில் தேன் சொட்டியது. "வைக்கப்போருக்குப் பின்னால நின்னீங்களே, அன்னைக்குங்களா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"பை சொல்லுச்சுங்க. உள்ள வைக்கோலு இருந்துது. நீங்க எப்பங்க பையில வைக்கோலு வெச்சுத் திங்க ஆரம்பிச்சீங்க?"

குப்பண்ணன் அடுத்த சட்டையைப் போட்டார். அதிலும் நுழையவில்லை. அதற்கடுத்த சட்டை. ஊஹூம். பீரோவில் இருந்த கடைசிச் சட்டை வரைக்கும் வாத்து தலையை மட்டும் உள்ளே விட்டு எட்டிப் பார்த்தது.

"பை சின்னதாயிருச்சு!"

"துவைச்சதுல சுருங்கியிருக்குமுங்க."

"பை சுருங்குனா சட்டையும் சுருங்கோணுமல்லோ?"

"சட்டைக்குள்ள நீங்க இருக்கறீங்க. அது எப்படிங்க சுருங்கும்?"

முத்துப்பேச்சி சிரித்த சிரிப்பில் வெளியே கட்டியிருந்த ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். "சட்டம் போட்டது நீங்க அண்ணாச்சி. பை தச்சது அக்கா. இனிமே பேச்சுக்கே எடம் இல்ல. அந்தச் சோப்பு டப்பாவ விடுங்க பாப்போம்."

சோப்பு டப்பா வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கியது. இறங்கி உட்கார்ந்தது. மேலே புதிதாக ஒரு மூடி, அதற்கு ஒரு பட்டன். குனிந்து பார்த்தார், விழவில்லை. சட்டைக்கு அளவெடுத்துத் தைப்பார்கள். கேமராவுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தவள் அவள்தான்.

வாத்து ஜிஜியிடம் திரும்பிப் போனது. குப்பண்ணனுக்குச் சில நாள் அதன் நினைவாகவே இருந்தது. பிறகு அதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது. வாய்க்கால், தென்னம்பாளை, சந்தையில் வந்த கன்று, புதுப்பெண்ணோடு பஸ் ஏறிய மாப்பிள்ளை என்று கண்டதையெல்லாம் பிடித்தார். முதலில் வந்த படங்களில் பாதி அவருடைய கட்டைவிரல். "இந்த வெரலை எனக்குத் தெரியுமுங்க, பக்கத்துல ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க" என்பாள். மாலையில் அவர் வந்ததும் கையை நீட்டுவாள். குட்டித் திரையை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மிஷினில் உட்கார்ந்தபடியே தோட்டத்தைச் சுற்றி வருவாள். நாளைக்கு எந்த மரத்தடியில் என்ன செய்யவேண்டும் என்று உத்தரவு வரும்.

அந்த வருஷம் தேங்காய் நன்றாகப் பிடித்தது. "என்ற பொண்டாட்டி உக்காந்த எடத்துல இருந்து பண்ணையம் பண்றா. உங்க பொண்டாட்டி பண்ணுவாளா?" என்று டீக்கடையில் கேட்டார்.

அந்த டீக்கடைதான் வினையாகவும் போயிற்று. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் அவருக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒருநாள் வாய்க்கால் படத்தை வள்ளியாத்தாள் நெடுநேரம் பார்த்தாள்.

"தண்ணி நல்லா வருதுங்க."

"வருதல்லோ!"

"கரையும் நல்லா இருக்குது. போண்டா எப்படி இருந்துதுங்க?"

குப்பண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். கீழ்மூலையில், வாய்க்கால் சுவர்மேல், ஒரு டீ கிளாஸ். அதன்மேல் பாதி கடித்த போண்டா. அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல்.

அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. அவள் கண்ணைக் கழற்றித் தருகிறேன் என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. தந்தேவிட்டாள். அதை அவர் நெஞ்சிலேயே வைத்துப் பட்டனும் போட்டிருந்தாள். வாத்தாக இருந்திருந்தால் பீரோவில் கிடந்திருக்கும். போண்டாவும் பிழைத்திருக்கும்.

அதன் பிறகு அவள் தைத்த சட்டைகளுக்கெல்லாம் அதே அளவுப் பைதான்.

அவள் போன பிறகு, அப்பா தனியாக இருக்கிறாரே என்று பிரதீப் ஒரு பெரிய போன் வாங்கி வந்தான். முகம் பார்த்துப் பேசலாம் என்றான். குப்பண்ணன் அதைப் பையில் வைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"உள்பக்கமா மடிச்சுத்தான் தச்சிருப்பா அக்கா. தாங்க அண்ணாச்சி, பிரிச்சு விட்டுருதேன்" என்று முத்துப்பேச்சி ஒரு பழைய சட்டையை வாங்கித் தையலைப் பிரித்தாள். உள்ளே மடிப்பு எதுவும் இல்லை. மிச்சத் துணியை வெட்டியே எடுத்துவிட்டிருந்தாள் வள்ளியாத்தாள். அவர் பேச்சு மாறினாலும் பை மாறக்கூடாது என்று.

"பெருசா வேற ஒரு பை வச்சுத் தரட்டா?"

"வேண்டாம், முத்துப்பேச்சி. இது மதி."

அவள் அந்தத் தையலைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். குப்பண்ணன் கேமராவை உள்ளே விட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போனார். பீரோவில் வள்ளியாத்தாள் தைத்த சட்டைகள் எல்லாம் இருக்கின்றன. எதிலும் போன் நுழையாது.