கரடியின் இரண்டு ஆத்மாக்கள்

நம் ஊர்ப் பிராணிகளுக்கு ஆத்மா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்கு முன்பு அவற்றுக்கு வயிறு, வால், உண்ணி இவை மட்டுமே இருந்தன. ஊரிலிருந்த மூன்று மிருக ஆஸ்பத்திரிகளையும் ஒரே கம்பெனி வாங்கியது. பெயர்ப்பலகைகளை மட்டும் பழையபடி விட்டுவைத்தது. ஒன்றில் கோபித்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போகும் உரிமையை மக்களிடமிருந்து பறிக்கக் கூடாதல்லவா?

கம்பெனி முதலில் சுவருக்குப் பெயின்ட் அடித்தது. பிறகு கட்டணத்தை ஏற்றியது. பிறகு, பிராணிகளின் மனசைப் படிப்பவராம், உயிர்மொழியார் என்று ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியது. அன்று முதல் வாசல் வரைக்கும் கூட்டம்.

உயிர்மொழியார் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் உண்டு. அதை மிருகத்தின் நெற்றியில் வைப்பார். இதயம் நெற்றிக்கு எப்போது குடிபோனது என்று யாரும் கேட்கவில்லை. கையிலிருக்கும் பெரிய கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பார், கண்ணை மூடுவார், அப்புறம் வீட்டு விஷயத்தையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பார்.

"இந்தப் பூனை மனசுல ஒரு நீல சோபா தெரியுது."

பூனைக்காரம்மா தேம்பித் தேம்பி அழுவார். வீட்டில் நீல சோபா இருக்கிறதே. அதைப் பூனை கிழித்த கதையைச் சற்றுமுன் எடை போடும் பெண்ணிடம் தானே சொன்னது அவருக்கு ஞாபகம் வராது. எடை போடும் பெண் அவ்வளவு அன்பானவள். "ஐயோ, அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருப்பாள். எடையைத்தான் தட்டுகிறாள் என்று ஊருக்கு நினைப்பு.

டாக்டர் என்று ஒருவரும் அங்கே இருக்கிறார். ஆஸ்பத்திரியைக் கட்டியவரே அவர்தான். விற்ற பிறகு உள்ளறையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். உயிர்மொழியார் சீட்டு கொடுக்காமல் எந்த வாலும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பது கம்பெனி விதி.

ஒரு காலையில் சலூன்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாயின் பெயர் கரடி. பார்த்தாலே காரணம் விளங்கும். அத்தனை முடிக்கு நடுவில் எங்கோ ஒரு நாய் இருந்தது. ஊருக்கே முடி வெட்டுகிறவர், அதன் முடியில் மட்டும் கை வைத்ததில்லை. அவ்வளவு செல்லம். அது மூன்று நாளாக எதையும் தின்னவில்லை. முன்காலால் வாயைச் சுரண்டிச் சுரண்டி முனகியது.

எடை போடும் பெண் அன்பாகக் கேட்டாள். சலூன்காரர் போன வருஷம் மாமியார் இறந்தது வரைக்கும் ஒப்பித்தார்.

ஸ்டெதாஸ்கோப் கரடியின் நெற்றியில் உட்கார்ந்தது. ஹால் மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஒரு வயசான அம்மா தெரியறாங்க. போன வருஷம் போனவங்க. பாசமா இவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. ஆத்மா பாதி கிளம்பிடுச்சு."

"வாயைச் சுரண்டுதுங்களே ஐயா?"

"அது சுரண்டல் இல்லப்பா. உங்ககிட்ட விடைபெறுது. ஏழு தடவை உட்கார்ந்து ஆத்மாவைக் கட்டணும். அப்புறம்தான் டாக்டர்."

கட்டணத்தைக் கேட்டதும் சலூன்காரருடைய ஆத்மாவும் பாதி கிளம்பியது. சலூனுக்குப் புது நாற்காலி வாங்கச் சேர்த்ததெல்லாம் போகும். போகட்டும், கரடி பிழைத்தால் போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணம் எடுக்கக் கரடியோடு வீட்டுக்கு வந்தார்.

"யாரு கூப்பிடறாங்களாம்?" என்று மனைவி கேட்டாள்.

"உங்கம்மா."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "எங்கம்மாவா? இதைக் கண்டாலே விளக்குமாத்தை எடுத்தவங்க, போன பிறகு பாசமா கூப்பிடறாங்களா? என்னையே அப்படிக் கூப்பிட்டதில்லையே."

"செத்தா மனசு மாறாதா?"

"வாயைச் சுரண்டுதுன்னா வாயிலதாங்க வலி." கையை அதன் வாயருகே கொண்டுபோனாள். கரடி முதல்முறையாக அவளைப் பார்த்து உறுமியது. "டாக்டர்தான் பார்க்கணும். வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மூணும் அவங்களுதுதான்."

"அப்ப அந்த ஆளோட குட்டு உடைஞ்சாத்தான் டாக்டர் கதவு திறக்கும். கத்தரிக்கோலை எடுங்க."

"யாருக்கு?" என்று ஓரடி பின்வாங்கினார் சலூன்காரர்.

"இதுக்குத்தான். முழுசா."

எத்தனையோ தலைகளைப் பார்த்தவர், அழுதுகொண்டே வெட்டியது அன்றைக்குத்தான். தாடைப் பக்கம் போனபோது கரடி துடித்ததால் அங்கே மட்டும் விட்டுவிட்டார். முடி ஒரு சாக்கு நிறைய வந்தது. மீதி நின்றது ஒல்லியாக, வெளுப்பாக, தாடி வைத்த ஒரு புது நாய். சலூன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அதுவே திடுக்கிட்டது.

மத்தியானம் மனைவி மட்டும் நாயோடு போனாள். எடை மெஷினுக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்கும்; அதற்குத்தான் பேச்சு வராது.

"எங்க வீட்டுப் பச்சைக்கிளி பறந்துபோனதிலிருந்து இப்படித்தாம்மா இருக்கு" என்று எடை போடும் பெண்ணிடம் மூக்கை உறிஞ்சினாள். அவள் வீட்டில் கிளி என்ன, காக்காய்கூட உட்கார்ந்ததில்லை.

உயிர்மொழியார் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். "பச்சையா ஒண்ணு தெரியுது. இறக்கை இருக்கு."

"செத்தவங்க யாராவது கூப்பிடறாங்களா ஐயா?"

"யாரும் இல்லம்மா. ஆத்மா கல்லு மாதிரி நிக்குது. கிளியை வரவழைக்கத்தான் ஏழு தடவை உட்காரணும்."

மனைவி ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். "கல்லு மாதிரின்னு சொன்னதை எல்லாரும் கேட்டீங்கல்ல? என்னங்க, உள்ள வாங்க."

வாசலில் காத்திருந்த சலூன்காரர் வந்து முடிச் சாக்கைக் கவிழ்த்தார். மீதியை மின்விசிறி பார்த்துக்கொண்டது. ஹால் முழுக்கக் கரடி பறந்தது. பூனைகள் சீறின; முயல் வைத்திருந்தவர் அடுக்கடுக்காகத் தும்மினார். மொட்டை நாய் ஓடிப்போய்ச் சலூன்காரர் மேல் தாவியது.

"காலையில பாதி கிளம்பின ஆத்மா இதுதான். நடுவுல நடந்தது முடிவெட்டு மட்டும்தான். எங்க வீட்ல கிளியே கிடையாது" என்றாள் மனைவி.

உயிர்மொழியார் லேசில் விடுகிற ஆளா? "முடியிலதாம்மா ஆத்மா சிக்கியிருந்தது. வெட்டினதும் மாறிடுச்சு."

"அப்ப இங்க எதுக்கு ஏழு தடவை? எல்லாரும் எங்க சலூனுக்கு வாங்க. ஆத்மாவையும் மாத்தி, கிருதாவையும் ஒதுக்கிவிடுவாரு."

ஹால் கொல்லென்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து உயிர்மொழியாரின் கடிகாரம் 'டிங்' என்றது; அதன் முகத்தில் மணிக்குப் பதில் ஒரு செய்தி வந்து நின்றது. முயல்காரர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்: "'கிளி பொய். காலையில வந்த மாமியார் கேஸ் நாய்தான். ஜாக்கிரதை.'"

எடை போடும் பெண் அன்பாகத்தான் அனுப்பியிருந்தாள். கொஞ்சம் தாமதம். உயிர்மொழியார் பின்வாசல் வழியாக விடைபெற்றார்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "சீட்டு இல்லாம பார்க்கக் கூடாது டாக்டர்" என்று குறுக்கே வந்தார் மேனேஜர். டாக்டர் அவரைப் பார்த்தார். வாயைச் சுரண்டும் நாயைப் பார்த்தார். "நாய்க்கு வாய்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன்யா" என்று தரையிலேயே உட்கார்ந்தார். சலூன்காரர் பிடித்துக்கொள்ள, வாயைத் திறந்தார். மேலண்ணத்தில், இந்தப் பக்கத்துப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே குறுக்காக ஓர் எலும்புத் துண்டு. இடுக்கியால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வைத்தியம்.

கரடி நாக்கைச் சுழற்றிப் பார்த்தது. பிறகு பூனைக்காரம்மா கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றது. சலூன்காரர் ஹாலென்றும் பாராமல் ஓவென்று அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

"அப்ப எங்க நீல சோபா?" என்று மெல்லக் கேட்டார் பூனைக்காரம்மா.

"நீங்கதாம்மா சொன்னீங்க" என்று ஹாலே சேர்ந்து சொன்னது.

வாயில்லா ஜீவன் என்கிறோம். அது மூன்று நாளாக வாயைக் காட்டிக் காட்டித்தான் சொன்னது. நாம் அதன் நெற்றியில் மாமியாரைத் தேடினோம். கரடிக்கு முடி வளர்ந்துவிடும். கம்பெனியும் அதே கோட்டை வேறொருவருக்கு மாட்டி அனுப்பும். அப்போதாவது, ஐயா, கழுத்துக்கு மேலே இருப்பதை முடிவெட்டிக்கொள்ள மட்டும் வைத்திருக்காதீர்கள்.