என் எச்சில், உங்கள் ரகசியம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம். நான் நலமா இல்லையா என்பது உங்கள் ஆய்வகத்துக்குத்தான் வெளிச்சம்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்கு எச்சில் கொடுத்த அன்று அந்தச் சம்மதப் பத்திரத்தை நான் படிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவன், என் கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். நர்ஸம்மா முன்னால் காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தால் கடை மானம் என்ன ஆவது? பக்கத்துக்குப் பக்கம் "ம்ம், ம்ம்" என்று தலையாட்டி, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முடிவுகளை யாருக்கும் சொல்லமாட்டோம் என்று அதில் பொடி எழுத்தில் இருந்ததாம். நல்லவர்கள்!

எங்கள் வீட்டு ஆண்களின் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், பாதிச் சட்டையோடு போனார். அண்ணன் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இந்தக் கோளாறு ரத்தத்தோடு வருகிறதா என்று பார்க்கத்தானே உங்கள் ஆட்கள் எங்களைத் தேடிவந்து துப்பச் சொன்னார்கள்? துப்பினோம். வாய் வறண்டு, தொண்டை காய்ந்து, குழாயில் கோடு போட்ட இடம்வரை துப்பினோம். இப்போது கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

சரி, சொல்லாவிட்டால் போகட்டும் என்று நானும் சும்மாதான் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்வரை. வாசலிலேயே என் கைப்பையை வாங்கிக்கொண்டீர்கள். பல்பு மாற்ற ஏணியில் ஏறப்போனவனை "வேணாம் மாமா, நான் ஏறுறேன்"ன்னு தடுத்தீங்க. சாய்வு நாற்காலியை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இந்த உபசாரம் கிடைக்கல மாப்பிள்ளை! திரும்பி வரும்போது உங்க அத்தைகிட்ட, "அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்குடி"ன்னேன். "ஒரு மனுஷன் மரியாதை குடுத்தா உங்களுக்கு உடனே வியாதி வந்துடுமா? போன வாட்டி ஏணியோட சேர்ந்து விழுந்தது மறந்துபோச்சா?"ன்னு அவ என்னை வாரிவிட்டுட்டா.

உங்களைக் கேட்டா, மாதிரியெல்லாம் வெறும் எண்தான், எது யாரோடதுன்னு உங்களுக்கே தெரியாதுங்கறீங்க. அதுக்கு மேல, "தெரிஞ்சுக்காம இருக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு மாமா"ன்னு ஒரு உபதேசம். அந்த உரிமையைக் குழாயில அடைச்சு உங்க ஃப்ரிட்ஜிலயே வச்சுக்குங்க. எனக்கு வேண்டியது தெரிஞ்சுக்கற உரிமை.

மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பது முறையில்லை என்று நேராக உங்கள் தலைமை விஞ்ஞானி அம்மாவின் அறைக்கே போய்விட்டேன். அவங்க பொறுமைசாலிதான். "இது ஆராய்ச்சி சார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்ல. கமிட்டியைக் கேக்காம சொல்லக்கூடாது. தப்பா இருந்தா வீணா பயந்து சாவீங்க"ன்னாங்க. "சரியா இருந்தா பயப்படாமலே சாவேனேம்மா, அது பரவாயில்லையா?"ன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. காம்பு திருகு லூஸா ஆடுது. எனக்குப் பொறுக்கல. வாங்கி, சட்டைப்பையிலிருந்த குட்டி திருப்புளியால முடுக்கிக் குடுத்துட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன்.

"எங்க கடைக்கு வர்றவருக்கு எழுத்து அட்டையில கடைசி வரி தெரியலன்னா, தெரியலன்னு அங்கேயே முகத்துக்கு நேரா சொல்றேன். கமிட்டி கூடட்டும்னு அனுப்பி வச்சா, அவர் வெளியில போய் லாரியில மோத மாட்டாரா? எனக்காகக் கேக்கலம்மா. எம் பொண்ணு வயித்துல ஒரு உசிரு இருக்கு. எங்கிட்ட இருந்தா அவளுக்கும் வரலாம், அவகிட்டேயிருந்து அதுக்கும் போகலாம். எங்க எச்சிலை வச்சு நீங்க கட்டுரை எழுதலாம், மாநாட்டுல படம் போட்டுக் காட்டலாம், அந்த அறையில இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியலாம், துப்பினவனுக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தார். பிறகு, "நெறிமுறைக் குழுவுக்கு எழுதுறேன் சார். சம்மதிச்சா, ஆஸ்பத்திரி ஆய்வகத்துல மறுபடி சோதிச்சு உறுதி பண்ணிட்டுக் கூப்பிடறோம்" என்றார். கூப்பிடட்டும். கூப்பிடாவிட்டால் உங்கள் ஆய்வக வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசமாகக் கண் பரிசோதனை செய்து, அதன் முடிவை உரக்கப் படிப்பேன். என் உடம்பைப் பற்றிய உண்மையை என்னிடமிருந்து மறைக்க எந்தக் கொம்பனுக்கும் அதிகாரம் கிடையாது. மாப்பிள்ளையானாலும் சரி.

மகளைப் படி ஏறி இறங்க விடாதீர்கள். அவள் உடம்பும் வயிற்றுச் சுமையும் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்களுக்கும் என் ஆசி உண்டு, கோபம் தணிந்ததும் மீதியை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அடங்க மறுக்கும் உங்கள் மாமனார்

பி.கு.: கோபத்தில் ஒட்டாமல் மூன்று வாரம் கிடந்த உறையை இன்று ஒட்டப்போகும்போது நர்ஸம்மா போன் செய்தார். குழு சம்மதித்துவிட்டதாம், முடிவும் உறுதியாகிவிட்டதாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். குரலை மாற்றிக்கொண்டு, "சார் வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.