முதல்மணியாரின் நற்பெயர்

உலகில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். வேலை பார்க்கிறவர் என்று பெயர் வாங்குபவர்தான் தலைமுறைக்கு ஒருவர். லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவு அதிகாரி அப்படி அவதரித்தவர். தொலைபேசி முதல் மணி அடிக்கும்போதே எடுத்துவிடுவார் என்பதால் அலுவலகம் அவரை ‘முதல்மணியார்’ என்றே அழைத்தது.

அவருடைய பழக்கங்கள் பாடப் புத்தகத்தில் இடம்பெறத் தக்கவை. எல்லாருக்கும் முன்னால் வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டுவார். கழிப்பறைக்குப் போனாலும் கையில் கோப்போடு, தீயணைக்கப் போகிறவர் வேகத்தில்தான் போவார். கூட்டத்தில் மேலாளர் இருமினால்கூடக் குறிப்பெடுப்பார். புகார் சொல்பவர்களிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. “கவலையே படாதீங்க, உங்க புகார் என் நேரடிப் பார்வையில இருக்கு” என்பார். அந்தக் குரலைக் கேட்டால் நின்றுபோன லிஃப்டே ஓர் அடி ஏறிவிடும் போலிருக்கும்.

ஏறாது என்பது வேறு விஷயம்.

“சார், அந்த ஆறாவது மாடி அம்மா புகாரை என்கிட்டக் கொடுங்க” என்று மெக்கானிக் ஒருநாள் வந்து நின்றார். “மோட்டார்ல சின்ன வேலைதான். மத்தியானத்துக்குள்ள ஓட விட்டுடறேன்.”

“நீ போய், சரியாகலேன்னா?”

“மறுபடி போறேன்.”

“அப்போ ஒரே லிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை ஆள் அனுப்பினதா ஆகும். யார் பேரு கெடும்? அவசரப்படாதப்பா. அந்தம்மாகிட்ட நான் தினமும் பேசிக்கிட்டுதானே இருக்கேன்!”

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பொறுப்புணர்ச்சி எல்லாருக்கும் புரிந்துவிடாது.

ஆண்டுவிழா வந்தது. முதல்மணியாருக்கு ‘நற்பெயர்த் திலகம்’ விருது, கூடவே கிளை மேலாளர் பதவி. ஒரே நிபந்தனை, விழா தொடங்கும்போது அவர் கையில் தீராத புகார் ஒன்றும் இருக்கக்கூடாது. மற்ற புகார்களெல்லாம், சொன்னவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டதால், ‘தீர்ந்து’ போயிருந்தன. ஆறாவது மாடி அம்மாள் மட்டும் அலுக்கவில்லை. முதல்மணியாருக்குத் தூக்கம் போயிற்று. மனைவி தன் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் பதவியைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. மச்சான் பூங்கொத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது.

அப்போது கூடத்து வாசலில் ஓர் அம்மாள் அவரைத் தேடி வந்தார்.

“புகார்ப் பிரிவு சார் நீங்கதானே? ஆறாவது மாடி. போன்ல பேசுவேனே!”

முதல்மணியார் மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, உங்க புகார் என் நேரடிப்...”

“அதை வாபஸ் வாங்கத்தான் வந்தேன் சார். எங்களுக்கு இனிமே லிஃப்ட் வேண்டாம்.”

ஏன் என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் விழா தொடங்கிவிட்டால்? முதல்மணியார் கேட்கவில்லை. மேலாளரிடம் ஓடினார். “சார், கடைசிப் புகாரும் தீர்ந்துடுச்சு! வாடிக்கையாளரே நேர்ல வந்திருக்காங்க!”

மேலாளர் புல்லரித்துப்போனார். அந்த அம்மாளைக் கையோடு மேடைக்கு அழைத்துப்போய், “இவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா” என்று மைக்கைக் கொடுத்தார்.

“எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லீங்க” என்றார் அவர். “ஆனா இந்த சாரைப் பத்திக் குறை சொன்னா அது பாவம். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி, படி ஏறி எறங்கக்கூடாது. லிஃப்ட் நின்னதுலேருந்து இவருக்குத்தான் போன் பண்ணுவேன். அடிச்ச உடனே எடுத்துடுவாரு. ஒரு தடவைகூட எரிஞ்சு விழுந்ததில்ல. தங்கமான மனுஷன்.”

கூடம் கைதட்டியது. மச்சான் எழுந்து நின்றே தட்டினார். சத்தம் அடங்கும்வரை அந்த அம்மாள் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“போன வாரம் அவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. நாற்காலியில உக்கார வெச்சு, படி வழியாத்தான் தூக்கிட்டு எறங்கினோம். பாதி வழியிலேயே உயிர் போயிடுச்சு. ‘லிஃப்ட் ஓடலேன்னு இத்தனை நாள் வேற யார்கிட்டயும் சொல்லலியா?’ன்னு டாக்டர் கேட்டாரு. எதுக்குங்க சொல்லப்போறேன்? அதான் இந்த சார் அவ்வளவு நல்லாப் பேசினாரே. இவர் கொஞ்சம் மோசமான மனுஷனா இருந்திருந்தா, என் வீட்டுக்காரர் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாருங்க.”