கையோடு வந்த கியர்

கண்ணாடிக்காரர் அன்று காலை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். தானாகக் கியர் மாறும் காரை இனி இந்த ஜென்மத்தில் ஓட்டுவதில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதும் இல்லை. இந்த முடிவைக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே அறிவித்தார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன்!"

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். ஊரார் பார்வையைச் சரிசெய்வது தொழில். அவரைச் சரிசெய்வது வீட்டு அம்மணியின் தொழில். அம்மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலை. நல்ல கைராசி. குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திய பிறகுதான், "எப்பம்மா குத்துவீங்க?" என்று ஆட்கள் கேட்பார்கள். வீட்டிலும் அதே கைதான்.

அவரிடம் முன்பு ஒரு பழைய கார் இருந்தது. அதில் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போக வேண்டுமானால் குச்சியை லேசாகக் குலுக்கி, ஒரு கணம் பொறுத்து, ஏமாற்றுவது போல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அந்த வித்தை உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் அந்தக் காரை வேறு யாரும் தொட்டதில்லை. திருடன்கூட ஒருமுறை தெருமுனைவரை கொண்டுபோய்விட்டு இறங்கி ஓடிவிட்டான். அந்தக் கார் ஒருநாள் நடுத்தெருவில் மொத்தமாகப் படுத்தது. அதே வாரம் அம்மணிக்கு லைசென்ஸ் வந்தது. அடுத்து வந்தது ஆட்டோமேட்டிக்.

அன்றோடு சாவி கை மாறியது. கண்ணாடிக்காரருக்குப் பக்கத்து சீட். வேலை, பார்க்கிங் டிக்கெட்டைப் பிடித்துக்கொள்வது.

"இது காரா? லிஃப்ட்! படுக்கப் போட்ட லிஃப்ட்!" என்று ஆரம்பிப்பார். "குச்சியை ஒரு இழு இழுத்தா தானா போகுது. இதை ஓட்ட ஒரு ஆள் வேணுமா?"

"அதான் நானும் கேக்கறேன். ஆளே வேணாம்கிற வண்டிக்கு நீங்க எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?"

"வருஷக்கணக்கா கிளட்ச் மிதிச்ச இடது கால். அது கதி என்ன?"

"நடக்கச் சொல்லுங்க. டாக்டரும் அதைத்தான் சொன்னார்."

இப்படித் தினமும் தோற்றுக்கொண்டிருந்த மனிதர், கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். பந்தயக் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு தகடு. வலது காதை இழுத்தால் கியர் ஏறுகிறது. இடது காதை இழுத்தால் இறங்குகிறது. பேடில் ஷிஃப்டராம். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. கால் போனால் போகட்டும், கைக்காவது வேலை கிடைக்குமே! அதைவிட முக்கியம், காது முளைத்த காரை அம்மணி தொடப் பயப்படுவாள். சாவி தானாக வீடு திரும்பும்.

மறுநாளே சர்வீஸ் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டுபோய்க் காரை மெக்கானிக்கிடம் விட்டார்.

"இந்த வண்டிக்கு அது வராது சார்," என்றார் மெக்கானிக்.

"வராட்டி வரவை."

"கம்ப்யூட்டர்ல கை வைக்கணும் சார். வாரண்டி போயிடும்."

"என் மானமே போயிட்டிருக்கு. வாரண்டி போனா என்னய்யா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் வெளியே போய் யாருடனோ போனில் பேசினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"முடிச்சிடலாம் சார். சாயந்திரம் வாங்க."

சாயந்திரம் ஸ்டியரிங்குக்குக் காது முளைத்திருந்தது. கறுப்பாக, பளபளவென்று. இழுத்தால் 'டிக்'கென்று சத்தம் வேறு.

"ஓடும்போது மட்டும் இழுங்க சார். ரொம்பப் பலமா இழுக்க வேணாம்," என்றார் மெக்கானிக், கூரையைப் பார்த்தபடி.

கண்ணாடிக்காரர் சாலையில் வண்டியை விட்டார். வேகம் பிடித்தார். வலது காதை இழுத்தார். டிக்! கார் ஒரு முனகல் முனகிக் கியர் மாறியது. மனிதர் ஸ்டியரிங்கை முத்தமிடாத குறை. சில சமயம் இழுத்துக் கொஞ்சம் தாமதித்துத்தான் மாறியது. பரவாயில்லை, புதிதல்லவா, பழக வேண்டும். சில சமயம் இழுப்பதற்கு முன்பே மாறியது. ஆகா, என் மனசையே படிக்கிறதே என்று பூரித்தார்.

வீட்டில் அம்மணி காதுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் முதல் பார்வையில் பாராட்டியதில்லை. அந்த இடத்திலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்தது.

"இனி இது ஓட்டத் தெரிஞ்சவங்க வண்டி," என்றார் மிதப்பாக. "சாவியை என்கிட்ட குடுத்துடு."

"ஞாயித்துக்கிழமை மலையில என் தம்பி வீட்டுக்குப் போறோமில்ல? அப்பாவும் வர்றார். அவர் வயிறு எப்படின்னு உங்களுக்கே தெரியும். வயிறு கலங்காம மேல கொண்டுபோய்ச் சேருங்க. சாவி சாகிறவரைக்கும் உங்களுக்கு. கலங்கிடுச்சுன்னா எனக்கு. சம்மதமா?"

"எழுதியே தர்றேன்!"

மாமனாரின் வயிறு மிகவும் மென்மையானது. ஊஞ்சலைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். ஞாயிறு காலை அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்து, அம்மணி பின்சீட்டில் கைப்பையோடு உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் விமானி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவுக்கும் நேரடி வர்ணனை.

"பாருங்க மாமா. மூணுலேர்ந்து ரெண்டு. டிக்! தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மாப்ள. முதுகுத்தண்டுல தெரிஞ்சுது."

"இப்ப ரெண்டுலேர்ந்து மூணு. டிக்! எப்படி?"

"வெண்ணெய் மாதிரி இருக்கு மாப்ள. என் பொண்ணுகூட இப்படி ஓட்டினதில்ல."

கண்ணாடிக்காரர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அம்மணியைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல்வியை ஒப்புக்கொள்ள மனசில்லாதவர்கள் அப்படித்தான் மரத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். மாமனார் பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். உச்சி தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வளைவு. வெற்றி கைக்கு எட்டும் தூரம்.

அந்தக் கடைசி வளைவில், மாமனார் ரசிக்கட்டுமே என்று, இடது காதைக் கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்தார்.

டிக் என்ற சத்தம் வரவில்லை. காது வந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு கையோடு வந்தது.

"ஐயோ! கியர் கையில வந்துடுச்சு! மாமா, கெட்டியா பிடிச்சுக்குங்க! வண்டி பின்னால போகப்போகுது!"

வண்டி பின்னால் போகவில்லை. முன்னால்தான் போனது. ஒரு குறையும் இல்லாமல் தானே கியரை இறக்கிக்கொண்டு, அழகாக வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. ஆபத்து என்றதும் மூளை விலகிக்கொள்ள, அத்தனை நாள் வேலையில்லாமல் கிடந்த இடது கால் பொறுப்பை ஏற்றது. கிளட்சைத் தேடியது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு பெடல் தட்டுப்பட்டது. கிளட்சைத்தான் மிதிக்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு, தரைவரைக்கும் மிதித்தது.

அது பிரேக்.

கார் நட்டுவைத்தது போல் நின்றது. மாமனார் முன்னால் போய், பெல்ட் பிடித்து இழுக்க, பின்னால் வந்தார். முகம் வெள்ளையானது. பிறகு பச்சையானது. கதவைத் திறந்துகொண்டு சாலையோரப் புதருக்கு ஓடினார். கொஞ்ச நேரம் புதரிலிருந்து வந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

கண்ணாடிக்காரர் கையில் காதோடு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். அம்மணி நிதானமாகக் கைப்பையைத் திறந்தாள். ஒரு டேப் சுருளை எடுத்து நீட்டினாள். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்.

"இந்தாங்க. இதுல ஒட்டிக்குங்க."

"ஒட்டறதா? இது கியர்! ஒயரெல்லாம் அறுந்திருக்கும்!"

"ஒயர் இருந்தாத்தானே அறும்?"

அவர் காதைத் திருப்பிப் பார்த்தார். வழுவழுவென்று பிளாஸ்டிக். பின்புறம் பழைய டேப்பின் பிசின். ஒயர் இருந்த சுவடே இல்லை.

"மெக்கானிக் அன்னைக்கு என்கிட்ட போன்ல கேட்டார். வாரண்டி போகாம, எங்க வீட்டுக்காரர் மனசும் நோகாம ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன். பாவம், நல்லா பண்ணியிருந்தார். ஆனா டேப் நிக்கல. நீங்க குளிக்கப் போறப்பல்லாம் நான்தான் ஒட்டினேன்."

"அப்ப இத்தனை நாள் கியர் மாத்தினது?"

"அதுவா மாத்திக்கிச்சு."

"மாமா முதுகுத்தண்டுல தெரிஞ்சுதுன்னாரே!"

"மாப்பிள்ளைகிட்ட வேற என்னங்க சொல்வார்?"

புதரிலிருந்து மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் சத்தமில்லாமல் இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். அம்மணி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்தாள். அவருக்கு அழுகை வந்தது. தோற்றதற்குக்கூட இல்லை. அந்த டிக் டிக்கில் அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

அம்மணி குச்சியை டிரைவில் போட்டாள். அதோடு விடவில்லை. அதைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். அது பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பாதியில் விட்ட வளைவு பாக்கி இருந்தது. குச்சியைச் சுண்டு விரலால் பின்னால் இழுத்தாள். கார் உறுமிக்கொண்டு ஏறியது. நேர்சாலை வந்ததும் முன்னால் தள்ளினாள். உறுமல் அடங்கியது.

கண்ணாடிக்காரர் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நுழைத்தார். குச்சியின் பக்கத்தில் மேலே பிளஸ், கீழே மைனஸ் என்று பளிச்சென்று போட்டிருந்தது. நாள் முழுக்கப் பிளஸ்ஸும் மைனஸும் விற்றுப் பிழைக்கிறவர் அவர். குச்சியை டிரைவுக்கு இழுத்ததோடு சரி, லிஃப்ட்டின் பட்டனை எவன் பார்ப்பான் என்று ஒருநாளும் அந்தப் பக்கம் குனிந்து பார்த்ததில்லை.

"இது... இது என்ன?"

"இதுவா? கியரை நாமளே மாத்திக்கிற வசதி."

"எப்பலேர்ந்து இருக்கு?"

"வாங்கின நாள்லேர்ந்து."

"நீ எப்பலேர்ந்து இப்படி ஓட்டறே?"

"வாங்கின மறுநாள்லேர்ந்து. பக்கத்துல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு புலம்பினா எப்படித் தெரியும்?"

"அடிப்பாவி! கியர் கியர்னு நான் உருகி உருகிச் செத்தேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அம்மணி தம்பி வீட்டுப் பக்கம் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பினாள். மாமனார் நிம்மதியாகக் கண்ணயர்ந்திருந்தார்.

"சொல்லியிருந்தா சாவி உங்ககிட்டல்ல இருந்திருக்கும்!"