எதுக்கக்கா காய்ச்சிய மானியக் கூழ்

1937-ஆம் ஆண்டு ஜூலை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிஷம். மேகம் இருந்தது, மழை இல்லை. மேற்குக் காற்று புழுதியை வாரி என் மூக்குக் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில்தான், சேலம் ஜில்லாவிலேயே அதிகச் சந்தேகம் பிடித்த மனுஷியை நான் என் பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு வைத்தேன். சூரியன் கிழக்கே உதித்தால்கூட, "இன்னைக்கும் எதுக்குங்க அந்தப் பக்கமே வருது?" என்று கேட்கக்கூடியவர். ஊரில் அவருக்கு எதுக்கக்கா என்றுதான் பெயர். சம்பளப் பதிவுக்காகச் சொந்தப் பெயரைக் கேட்டேன். "அது எதுக்குங்க?" என்றார். விட்டுவிட்டேன்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் முப்பத்து நான்கு பிள்ளைகள் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. தலைமை ஆசிரியர் நான்; மற்ற ஆசிரியர்களும் நானே. தறிக்காரர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் காலையில் நீராகாரத்தோடு வருவார்கள். மத்தியானம் கூட்டல் கணக்குப் போடும்போதே தலை சாய்ந்துவிடும். சேலத்துப் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு குழந்தை நலச் சங்கம், எங்களுக்கு மானியம் தர முன்வந்தது. மத்தியானம் ராகிக் கூழ், கீரை, மோர், ஒரு கை வேர்க்கடலை. புதன்தோறும் ஆகாரத்தைப் பற்றி நான் ஒரு பாடம் நடத்த வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பிள்ளைகளை நிறுப்பார்கள். எடை ஏறியிருந்தால் மானியம் தொடரும். ஏறாவிட்டால் அது வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

எதுக்கக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, கிஸ்தி ஒரு நாள் பிந்துனா அண்டாவத் தூக்கிட்டுப் போறவங்க, கூழு எதுக்குங்க ஊத்தறாங்க?"

"அது சர்க்கார். இது சங்கம், அக்கா."

"ரெண்டும் சட்டை போட்டுட்டுத்தானுங்க வருது. கெடாயக் கொழுக்க வெச்சு நிறுக்கறது எதுக்குங்க சாமி? பாசம் பொங்கியா? தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் மொதல்ல சோறுதான் போட்டான்."

"அப்படியானால் வேலைக்கு வரவில்லையா?"

"வாரேன், வாரேன். கூட நின்னாத்தானே என்ன பண்றீங்கன்னு தெரியும்!"

சங்கத்தார் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கீரைக்கும் பால் சொம்புக்கும் நடுவே கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். சுவரில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் அதன் கன்னத்தில் அரையணா அகலத்துக்குக் கரி.

"யாரு பெத்த புள்ளையோ! இப்பிடிப் பப்பரப்பான்னு மாட்டி வெச்சா கண்ணு படாதுங்களா?" என்றார் அக்கா. துடைத்தேன். மறுநாள் இரண்டு கன்னத்திலும் கரி. அதற்குமேல் நான் துடைக்கவில்லை.

பிள்ளைகளை முதன்முறை நிறுக்கும் நாள் அடுத்த திங்கட்கிழமை. சங்கத்து இன்ஸ்பெக்டர் குடையும் கைப்பெட்டியுமாக வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் நடந்தே வந்திருக்கிறார். அன்றைக்கென்று எங்கள் ஊரில் ஒரு மாட்டு வண்டியும் ஓடவில்லை. வண்டிக்காரர்களைக் கேட்டால் ஒருவருக்கு மாட்டுக்கு நோவு, ஒருவருக்கு மாமனாருக்கு நோவு.

கடலை மண்டியில் இரவல் வாங்கிய பெரிய தராசைப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தோம். "மொதல்ல வாத்தியார நிறுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னாப் பொறவு புள்ளைங்க" என்றார் அக்கா. சாக்கில் உட்கார்ந்தேன். நூற்றெட்டு ராத்தல். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றும் காலை அகட்டி, வாத்து நடை நடந்து வந்தது. துணியை அவிழ்க்கத் தாய்மார் விடவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த நடையைக் கவலையோடு கவனித்தார்.

"எலும்பில் பலமே இல்லை, பார்த்தீர்களா? ராகியைக் கூட்டிப் போடுங்கள்" என்றார். ராகியைக் கூட்டினோம்.

கூழ் ஊற்றத் தொடங்கிய முதல் நாள், அக்கா பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"குடிங்க."

"நான் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வேன்."

"நீங்க குடிச்சு, ஒரு நாழிகை கண்ணு சொருகாம உக்காந்திருந்தாத்தான் புள்ளைங்களுக்கு ஊத்துவேன்."

முப்பத்து நான்கு பிள்ளைகளும் தட்டோடு என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன். மறுநாளும் சொம்பு வந்தது. "நேத்து நல்ல ராகிங்க. இன்னைக்கு மூட்டை வேற" என்றார். இப்படி உயிரோடு இருந்து காட்டுவதே என் தினசரி உத்தியோகம் ஆயிற்று.

எனக்கும் அவர்மேல் நம்பிக்கை கிடையாது. ராகியை நான் படியால் அளந்து கொடுப்பேன். அவர் என் எதிரிலேயே திருப்பி அளப்பார். அவர் அளந்ததை நான் மறுபடி அளப்பேன். இந்த அளவையிலேயே தினம் ஒரு கை ராகி தரையில் சிந்தியது. மோர்ப் பானையில் நான் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அதற்குக் கீழே அவர் கரியால் இன்னொரு கோடு போட்டார்.

புதன்கிழமைப் பாடத்தையும் அவர் விடவில்லை. "வேர்க்கடலை தின்றால் உடம்பில் பலம் ஏறும்" என்று நான் சொன்னால், அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும்: "அப்பிடின்னா இந்த ஊரு எலியெல்லாம் பயில்வானா இருக்கோணுமே!"

"இருக்குதுங்க அக்கா! எங்கூட்டு எலி பூனையத் தொரத்துது!" என்று ஒரு வாண்டு கத்தும். அதோடு பாடம் முடிந்தது. ஆனால் மத்தியானத்தில் இப்போது யாரும் தூங்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். தூங்கினால் தேவலை என்று தோன்றுகிற அளவுக்குச் சத்தம்.

மூன்று மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை வண்டியில் வந்தார். பிள்ளைகள் ஓடிவந்து சாக்கில் குதித்தார்கள். "நடை எப்படித் தேறியிருக்கிறது, பாருங்கள்!" என்று பூரித்தார். நிறுக்க நிறுக்க அவர் முகம் மாறியது. ஒரு பிள்ளைக்குக்கூட எடை ஏறவில்லை. எல்லாருக்கும் கால் ராத்தல், அரை ராத்தல் குறைந்திருந்தது.

அவர் தராசைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். நூற்றுப் பதினேழு ராத்தல்.

"ஒன்பது ராத்தல் ஏற்றம்" என்றார் மெதுவாக. "பிள்ளைகளுக்கு இறக்கம். உங்களுக்கு ஏற்றம். மானியம் எங்கே போயிற்று என்று நான் சங்கத்துக்கு எழுத வேண்டுமா, நீங்களே சொல்கிறீர்களா?"

நாளை முதல் கூழ் இல்லை; எனக்கு உத்தியோகமும் இல்லை. பிள்ளைகள் தட்டோடு சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போது அக்கா கரண்டியோடு வந்தார்.

"ஏனுங்க, அவர எதுக்குங்க மெரட்டறீங்க? போன தடவ புள்ளைங்க இடுப்புல இரும்பு இருந்துச்சுங்க."

"என்ன இரும்பு?"

"கடையாணி. ஊரு வண்டியிலெல்லாம் நாந்தான் உருவியாந்தேன். புள்ளைய நிறுத்தாக் கண்ணு படுமில்லைங்க? இரும்பு இருந்தா அண்டாது. அரைஞாண் கவுத்துல ஆளுக்கு ஒண்ணு கட்டியுட்டேன்."

வண்டிச் சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் காக்கிற இரும்பு முளை அது. ஒவ்வொன்றும் ஒரு ராத்தலுக்குக் குறையாது. வாத்து நடையும் ஓடாத வண்டிகளும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

"அப்படியானால் இந்தத் தடவை ஏன் கட்டவில்லை?" என்றார் இன்ஸ்பெக்டர், ஒரு சொல்லையும் நம்பாமல்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கப்படத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். "இது நான் ஆக்கிப் போட்டு ஏறுன ஒடம்புங்க. நாலு பேரு பாக்கட்டுமின்னுதான்..."

நாளைக் காலை எல்லாரையும் அதே கடையாணிகளோடு நிறுத்துக் காட்டினால் நம்புகிறேன் என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் ராசிபுரம் போய்விட்டார். மறுநாள் வண்டிகளெல்லாம் ராசிபுரத்துக்குக் கடலை ஏற்ற வேண்டிய நாள். "போன தடவையே அக்காளுக்குப் பயந்து ஊட்ல உக்காந்தோம். இந்தத் தடவ வாடகை குடுங்க வாத்தியாரே" என்றார்கள் வண்டிக்காரர்கள். கொடுத்தேன். பதினேழு வண்டி, வண்டிக்கு இரண்டு கடையாணி.

காலையில் பிள்ளைகள் மறுபடி வாத்து நடை நடந்து வந்தார்கள். முதல் பிள்ளைக்கு முக்கால் ராத்தல் ஏற்றம். அடுத்ததற்கு அரை ராத்தல். கடைசிப் பிள்ளை வரைக்கும் ஏற்றம்தான். இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து, ஒரு சொம்பு கூழும் குடித்துவிட்டு, மானியம் தொடரும் என்று சொல்லிப் புறப்பட்டார். அக்கா அவரை ஒரு நாழிகை நேரம் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்த பிறகே அனுப்பினார்.

இன்ஸ்பெக்டர் போனதும் அக்கா என்னிடம் வந்தார். "அந்தாளு கண்ணு ரெண்டு நாளா உங்க வவுத்து மேலயே இருந்துச்சு சாமி. நீங்களும் ஒண்ணு கட்டிக்கோங்க."

"நான் படித்தவன், அக்கா."

"படிச்ச வவுத்துல கண்ணு படாதுங்களா?"

வண்டிக் கடையாணிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொல்லனிடம் எனக்கென்று சின்னதாக ஒன்று அடித்து வாங்கினேன். அக்கா அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார். அவர் எதிரில் மட்டும் கட்டிக்கொள்வது என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அது இல்லாத நாளில் இடுப்பு வெறிச்சென்று இருந்தது. வண்டி வாடகை இரண்டு ரூபாய் இரண்டணா, என் கடையாணி ஐந்தணா. மஞ்சள் துணிக்கு அவர் காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு இரண்டு ரூபாய் ஏழணா.