தொள்ளாயிரத்து நாற்பது பற்றி அக்காவுக்கு விளக்கம்

பாசத்திலும் கோபத்திலும் குறை வைக்காத என் அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நான், உன் மகள், மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருக்கும் பூனை எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நேற்று போனில் நீ பேசியதில் என் இடது காது இன்னும் சூடாக இருக்கிறது. “அடுத்த வாரம் வந்து என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன், நீ பாத்துக்கிட்ட லட்சணம் போதும்” என்று சொல்லி வைத்தாய். அப்புறம் பதினோரு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் இறங்கினேன். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் ஊன்றிப் படித்தவன் நான், நிதானமாக விளக்குகிறேன். நீ வர வேண்டாம். வந்து கூட்டிப் போனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் வேலை போகும், டாக்டரம்மாவின் வைத்தியமும் நின்றுவிடும். மகனாகப் பிறந்தவள், தான் மகள்தான் என்று நமக்கெல்லாம் புரியவைக்கப் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகப் பொறுமையாக எடுத்துக்கொள்ளும் மருந்து அது.

நடந்தது இதுதான். அந்த மருந்து ஒரு களிம்பு. தினம் காலையில் இடது கையின் மேல்பக்கம், தோளுக்குக் கொஞ்சம் கீழே தடவிக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, உடம்பில் பெண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்தத் தடவை டெஸ்ட் நாள் பார்த்து வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்தாள், தடவிவிட ஆள் இல்லை. நான் இருக்கும்போது என்ன கவலை? அவள் கடை முதலாளியோடு போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினாள், நான் ஆரம்பித்தேன். தோள் எங்கே, நரம்பு எங்கே? முப்பது வருடம் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவனுக்குக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாதா? மருந்தை எதற்கு அவ்வளவு தூரம் நடக்கவிட வேண்டும் என்று முழங்கையின் உள்மடிப்பில், பச்சை நரம்பு தெரிகிற இடத்திலேயே வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸம்மா அதே மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. தொள்ளாயிரத்து நாற்பது. பக்கத்திலேயே நூறிலிருந்து இருநூறு வரை என்று போட்டிருந்தது. இருநூறுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது வாங்கிய ஆள் நம் வம்சத்தில் உண்டா, நீயே சொல். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குப் போன் போட்டேன், கீழ்வீட்டுத் தையல்காரரிடமும் சொன்னேன், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ மருந்துக்கடைக்காரரிடம் போய் விசாரிப்பாய், அவர் உன்னைப் பயமுறுத்துவார் என்று நான் எங்கே கண்டேன்?

மறுநாள் நானும் கூடப் போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறினார். இது மார்க் இல்லையாம். “நூறுலேர்ந்து இருநூறுக்குள்ள நின்னாப் போதும்ங்க. அதுக்கு மேல போனா உடம்பு சீக்கிரம் மாறிடாது, ரத்தம் கட்டுற ஆபத்துதான் கூடும்” என்றார். பாய்லரில் முள் இரண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும், அதேதான். நான் இதை எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மாவே அசந்துவிட்டார். ஆனாலும் மருந்தைப் பாதியாகக் குறைத்து எழுதிவிட்டார், அடுத்த டெஸ்ட் மூன்று மாதம் கழித்து.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள் உன் மகள். அழவில்லை. மணிக்கட்டுக் கட்டின் நுனியைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள். அப்புறம் கேட்டாள், “குறைச்சா பழையபடி ஆயிடுவேனா மாமா?” அக்கா, எனக்குப் பதில் தெரியாத கேள்வி என்று உலகத்தில் ஒன்றுமில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு அந்தக் கட்டின் நுனியை வாங்கி நானே சுற்றிவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. முன்பு ரத்தம் எடுத்த நர்ஸம்மா அந்த வழியாக வந்தார், அவரை நிறுத்தி, இந்த எண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றேன். பேச்சுவாக்கில் களிம்பு தடவிய இடத்தையும் காட்டினேன். அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “மருந்தைப் பூசின இடத்துலயே ஊசி குத்த வச்சிருக்கீங்களே. தோல்மேல இருந்த மருந்தும் சேர்ந்துல்ல வந்திருக்கும்” என்றார். கையுறை போட்டுத் தடவினீர்களா என்று வேறு கேட்டார். கொதிக்கிற குழாயையே வெறுங்கையால் பிடித்தவன் என்றேன். சோப்பு இருக்கும் இடத்தைக் காட்டினார்.

டாக்டரம்மா உடனே வேறொரு டெஸ்ட் எழுதினார். இந்தத் தடவை மருந்து படாத வலது கையில் எடுத்தார்கள். இன்று காலை வந்தது, நூற்று நாற்பத்தெட்டு. ஆண் ஹார்மோனும் ஐம்பதுக்குக் கீழேதான், அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். மருந்து பழைய அளவே. முள் நட்டநடுவில் நிற்கிறது, என்னுடைய துப்பறிதலால். எனவே நீ கிளம்ப வேண்டாம், பஸ் டிக்கெட்டை ரத்து செய். பெண்ணுக்கு நான் இருக்கிறேன்.

அத்தானுக்கு என் மரியாதையும் உனக்கு என் அன்பும் முழங்காலுக்கு என் பிரார்த்தனையும் சேரட்டும். நோய் நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் நூறு தாண்டி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். சில திருத்தங்கள் சொல்கிறாள், பக்கத்தில் நின்று எழுதவும் வைக்கிறாள். நான் நர்ஸம்மாவை நிறுத்தவில்லையாம், நர்ஸம்மாதான் என்னை நிறுத்தி மூன்று தடவை கேட்டு உண்மையை வாங்கினாராம். பாய்லர் கதைக்கு டாக்டரம்மா அசரவில்லையாம், “இவர் யாரு?” என்று கேட்டாராம். அம்மாவை வர வேண்டாம் என்று எழுத எனக்கு என்ன அதிகாரம் என்கிறாள். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது உன்னைத்தான் நினைத்தாளாம். அடுத்த வாரம் நீ கட்டாயம் வர வேண்டும், டாக்டரம்மாவை நீயே நேரில் பார்க்க வேண்டும், மணிக்கட்டு சரியாகும்வரை களிம்பு தடவிவிடவும் வேண்டும். கூட்டிப் போவதாக இருந்தால் மாமாவைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லி, என் பெட்டியை அவளே எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். திரும்பும்போது எனக்கு ஜன்னலோர சீட்டாகப் பார்.