லிஃப்ட்காரர் கடிதத்தின் அறுபத்தோரு பதிப்புகள்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் நெருப்பு முதலாவது, சக்கரம் இரண்டாவது, 'களஞ்சியம்' மூன்றாவது. இந்த வரிசையிலும் ஒரு சிறு திருத்தம் வந்தது. நெருப்புக்கும் சக்கரத்துக்கும் ஆவண எண் கிடையாது. எனவே அவை கண்டுபிடிக்கப்பட்டனவா என்பதே ஐயத்துக்குரியது. ஆகவே களஞ்சியமே முதலாவது என்று தலைமை உள்ளடக்க அலுவலர் சுற்றறிக்கை விட்டிருந்தார்.

நகரத்துக்குக் குழாய் வழியே தண்ணீர் விடுவதற்காக ஏற்பட்ட நிறுவனம் அது. ஒன்பது மாடி, நாற்பத்தெட்டுப் பிரிவு, நாலாயிரத்துச் சொச்சம் ஊழியர். ஐந்தாம் மாடிக் குழாயில் மட்டும் தண்ணீர் வராது. அத்தனை பேரும் எழுதித் தள்ளிய காகிதத்தைக் களஞ்சியம் என்ற ஒரே கணினிக்குள் அடக்கத்தான் அந்த அலுவலரை வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். முழுப் பதவியையும் சொல்வதற்குள் டீ ஆறிவிடுகிறது என்று ஊழியர்கள் அவரை 'உள்ளடக்கம்' என்றே அழைத்தார்கள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், பாவம்.

அடித்தளத்து ரெக்கார்டு அறையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவர் ரெக்கார்டு அக்கா. எந்தக் கோப்பு எங்கே என்று கேட்டால் தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்: "நாலாவது ரேக்கு, மேல்தட்டு, பச்சைக் கயிறு. பக்கத்துல எலிப்பொறி இருக்கு, கையப் பாத்து விடுங்க." போய்க் கையை விட்டால் கோப்பு இருக்கும். சில சமயம் எலிப்பொறியும் வேலை செய்யும். இப்படிப்பட்ட காட்டுமிராண்டிக் காலத்தை உள்ளடக்கம் ஒரே கூட்டத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தார்.

"ஒரே ஆவணம், ஒரே இடம், ஒரே உண்மை!" என்று அவர் மேஜையைத் தட்டினார். "இதுவரைக்கும் ஒரு கடிதம் வந்தா பதினோரு நகல் எடுத்துப் பதினோரு பேருக்கு அனுப்பினீங்க. இனிமே கடிதம் எங்கயும் போகாது. களஞ்சியத்துலயே இருக்கும். யார் திறந்தாங்க, எப்பத் திறந்தாங்க, எந்தப் புள்ளிய மாத்தினாங்க, எல்லாம் பதிவாகும். எதையும் யாராலயும் அழிக்க முடியாது. நானே நினைச்சாலும் முடியாது!"

கைதட்டல் அடங்கியதும் அக்கா கையைத் தூக்கினார். "சார், கடிதம் எங்கயும் போகாதுன்னா, யாருக்கு எழுதினாங்களோ அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தேடிப் பாப்பாங்க."

"தேடணும்னு எப்படித் தெரியும்?"

"அருமையான கேள்வி. இதைக் களஞ்சியத்துல ஏத்திடுங்க" என்றார் உள்ளடக்கம். அக்கா ஏற்றினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதே கூட்டத்தில் இன்னொரு புரட்சியும் நடந்தது. பழைய முறையில் பாதிக் கோப்புகள் 'இதர' என்ற தலைப்பில் கிடந்தன. 'இதர' என்பது சோம்பேறிகளின் புகலிடம் என்று சொல்லி உள்ளடக்கம் அந்தத் தலைப்பையே ஒழித்துக்கட்டினார். இனி எந்தக் காகிதமானாலும் குழாய், வால்வு, பம்பு, பணியாளர் என்று ஒரு வகையில் அடங்கித்தான் ஆகவேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதித் தொலைத்தார்.

அவர் அதே கட்டடத்தில் லிஃப்ட்காரர். லிஃப்ட் இரண்டு. மேலதிகாரிகளுடையது நாலு வருஷமாகப் பழுது. அதனால் எல்லோரும் இரண்டாவதில்தான் ஏறினார்கள். அதற்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் அவர், காலையிலிருந்து மாலைவரை. சனிக்கிழமை தோறும் மேலே ஏறிக் கம்பிக்கயிற்றுக்கு கிரீஸ் தடவுவார். அந்தச் சனிக்கிழமை கையில் ஏதோ குத்தியது. விளக்கடித்துப் பார்த்தார். கயிற்றில் மூன்று புரி அறுந்து முள்ளாக நின்றது.

முன்பு ஒருமுறை சத்தம் வருகிறதே என்று லிஃப்டைத் தானாகவே நிறுத்தியவர் அவர். மறுநாளே மெமோ வந்தது: 'உமது தன்னிச்சையான செயலால் இயக்குநர் ஏழு மாடி நடக்க நேர்ந்தது. மீண்டும் நிகழ்ந்தால் பணிநீக்கம்.' ஆகவே இம்முறை ஒழுங்காக, கோடு போட்ட தாளில் எழுதினார்: 'ஐயா, இரண்டாம் லிஃப்ட் கயிற்றில் மூன்று புரி அறுந்துவிட்டது. கயிற்றை மாற்ற வேண்டும். அதுவரை லிஃப்டை நிறுத்த உத்தரவு தாருங்கள். ஆள் விழுந்துவிடும்.'

அக்கா அதைக் களஞ்சியத்தில் ஏற்றினார். களஞ்சியம் வகையைக் கேட்டது. லிஃப்ட் குழாயா? இல்லை. வால்வா? இல்லை. தண்ணீரை மேலே ஏற்றினால் பம்பு, மனிதரை ஏற்றினால்? இதற்கு ஒரு துணைக்குழு கூடிப் பத்து நாளில் 'செங்குத்துப் போக்குவரத்து' என்று புதிய வகை கண்டது. நல்ல வேலை செய்தார்கள், குறை சொல்லக் கூடாது. பிஸ்கட் மட்டும் இரண்டு முறை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு கடிதம், மொழியைச் சீர்செய்யும் நடைக் குழுவிடம் போனது. அதாவது, கடிதம் போகவில்லை. நடைக் குழு கடிதத்திடம் வந்தது. ஏழாம் பதிப்பில் தேதி இடப்பக்கம் நகர்ந்தது. பதினான்காம் பதிப்பில் 'மூன்று' என்பது '3' ஆயிற்று. பதினைந்தில் திரும்ப 'மூன்று' ஆயிற்று. 'ஆள் விழுந்துவிடும்' என்ற வரி நிறுவனத்தின் நம்பிக்கையூட்டும் தொனிக்குப் பொருந்தவில்லை என்று இருபதில் நீக்கப்பட்டது.

"என் லெட்டர் என்னாச்சும்மா?" என்று வீட்டில் சாப்பிடும்போது லிஃப்ட்காரர் கேட்டார்.

"இருபத்தாறாம் பதிப்புங்க."

"நான் ஒரு தடவதானே எழுதினேன்?"

"எழுத்துச் சைசுக்காகத் தனியா ஒரு கூட்டம் போட்டாங்க."

"அங்க எழுத்து பெருசாகுது, இங்க புரி நாலாயிடுச்சு. இன்னொரு லெட்டர் எழுதித் தர்றேன்."

"எழுதாதீங்க. ஒரே விஷயத்துக்கு ரெண்டு லெட்டர் ஏத்தினா, நகல்னு சொல்லித் திருப்பிடும்."

லிஃப்ட்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் நாள் முழுக்க அதுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். ஞாபகம் இருக்குல்ல?" என்றார். கட்டியவன் உயிரை ஒரு கம்பியில் தொங்கவிட்டுவிட்டு அந்தக் கம்பிக்கு ஆவண எண் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபடி அக்காவும் தன் தட்டை எடுத்து வைத்தார்.

மறுநாள் படியேறியே ஏழாம் மாடிக்குப் போய் உள்ளடக்கத்தின் அறைக்குள் நுழைந்தார். "சார், கயிறு அறுந்துடும் சார். லிஃப்ட நிறுத்தச் சொல்லுங்க."

"களஞ்சியத்துல சொல்லியிருக்கீங்களா?"

"ஏத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார்."

"அப்ப எனக்கு ஏற்கெனவே தெரியும்னு அர்த்தம். தெரிஞ்சதையே வாயால திரும்பச் சொன்னா அது என்ன? நகல்! நகல் கூடாதுன்னுதானேம்மா இவ்வளவு பாடுபடறோம்?"

"நகலோ அசலோ, அவர் உயிர் சார்!"

"உணர்ச்சிவசப்படாதீங்க. வகைப்படுத்தியாச்சுல்ல? பத்திரமா இருக்கும்."

"லெட்டர் பத்திரமா இருக்கும் சார்" என்றார் அக்கா.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று உள்ளடக்கம் மகிழ்ந்தார்.

இதற்கிடையே மேலிடத்திலிருந்து ஆவண ஒழுங்கைத் தணிக்கை செய்ய ஒரு குழு வந்தது. ஏழு பேர், தலைவி ஒரு கண்டிப்பான தணிக்கை அம்மா. தேறினால் கேடயம். ஏதாவது ஒரு மாதிரி ஆவணத்தைக் காட்டுங்கள் என்றார் அம்மா. உள்ளடக்கம் பெருமையோடு திரையில் காட்டியது எதை? சாட்சாத் லிஃப்ட்காரர் கடிதத்தை, அறுபத்தோராம் பதிப்பில்:

'இரண்டாம் செங்குத்துப் போக்குவரத்துச் சாதனத்தின் கம்பிக்கயிறானது, மூன்று புரிகளின் பங்களிப்பிலிருந்து விடுபட்டு, மேலும் இலகுவான நிலையை நோக்கி முன்னேறி வருகிறது.'

தணிக்கை அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தானே விசைப்பலகையை இழுத்து 'மிக நேர்த்தி' என்று கருத்தும் பதிந்தார். குழு கைதட்டியது. கேடயம் வழங்கப்பட்டது. அசல் வெண்கலம், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

கேடயத்தோடு எட்டுப் பேரும் கீழே படம் எடுத்துக்கொள்ளப் புறப்பட்டார்கள். லிஃப்ட்காரர் வாசலை மறித்து நின்றார். "பாதிப் பேர் இப்ப, மீதிப் பேர் அடுத்த தடவ வாங்க சார். கயிறு தாங்காது."

"எந்த உத்தரவுல இருக்கு?" என்று கேட்டார் உள்ளடக்கம்.

உத்தரவு எதிலும் இல்லை. எட்டுப் பேரும் ஏறினார்கள். நாலாம் மாடி தாண்டியதும் மேலே எதுவோ படீர் என்றது. லிஃப்ட் ஒன்றரை மாடி சரிந்து, அவசரத் தடை பிடித்து, தொங்கி நின்றது. யாரும் சாகவில்லை. தணிக்கை அம்மாவின் கண்ணாடி உடைந்தது. நிறுவனத்துக்குக் கிடைத்த கேடயம் லிஃப்ட்காரருக்குக் காலில் கிடைத்தது. பாதத்தில் இரண்டு எலும்பு போயிற்று.

நாலாம் நாள் விசாரணை. தணிக்கை அம்மா தலைமை, உள்ளடக்கம் பக்கத்தில். எதிரே மாவுக்கட்டுக் காலோடு லிஃப்ட்காரர். கையில் புது மெமோ: 'பழுதைத் தெரிவிக்கத் தவறியதற்காக உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?' கூடவே, ஆவணம் கேட்டால் எடுத்துத் தருவதற்காக ரெக்கார்டு அக்கா.

"ரோப்பு அந்த நிலைமையில இருந்தது எங்க யார் கவனத்துக்கும் வரலைம்மா" என்றார் உள்ளடக்கம்.

"அப்படி ஏதாவது கடிதம் இருக்கா?" என்று அக்காவைக் கேட்டார் தணிக்கை அம்மா.

"இருக்குங்கம்மா."

களஞ்சியம் நாலே விநாடியில் எடுத்துக் கொடுத்தது. பழைய முறையில் எலிப்பொறியைத் தாண்டவே ஐந்து நிமிஷம் ஆகும். விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

"முதல் பதிப்பு, அவர் கையெழுத்துலயே இருக்கு. 'ஆள் விழுந்துவிடும்'னு எழுதியிருக்கார்" என்று அக்கா வாசித்தார். "மொத்தம் எழுபத்திரண்டு பேர் இருநூத்திப் பதினாலு தடவ திறந்திருக்காங்க. நம்ம சார் மட்டும் பதினேழு தடவ. இருபதாம் பதிப்புல 'ஆள் விழுந்துவிடும்'ங்கிற வரிய எடுத்தது சார்தான். காரணம், 'தொனி சரியில்லை'. நாப்பத்தொண்ணுல 'அறுந்துவிட்டது'க்குப் பக்கத்துல இருந்த புள்ளிய மாத்தியிருக்கார்."

உள்ளடக்கம் தண்ணீர் குடித்தார்.

"கடைசியாத் திறந்தது யாரு?" என்று கேட்டுவிட்டார் தணிக்கை அம்மா. பழக்கதோஷம்.

"நீங்கதாம்மா. லிஃப்ட்ல ஏறுறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி. 'மிக நேர்த்தி'ன்னு போட்டிருக்கீங்க."

தணிக்கை அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை அழிச்சிடும்மா" என்றார் உள்ளடக்கம் மெதுவாக. "ஆமா, அழிச்சிடறது நல்லது" என்றார் தணிக்கை அம்மா.

"முடியாதே சார். நீங்களே நினைச்சாலும் முடியாதுன்னு சொன்னீங்களே" என்றார் அக்கா. அவர் விரல் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அடிக்கிறீங்க?"

"விசாரணைக் குறிப்பு சார். ரெண்டு பேரும் அழிக்கச் சொன்னீங்கன்னு. அறுபத்திரண்டாம் பதிப்பு."

உள்ளடக்கத்தின் கை தானாக நீண்டு, லிஃப்ட்காரரிடமிருந்த மெமோவை வாங்கி, 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. லிஃப்டை நிறுத்தும் உத்தரவும் அதே நிமிஷத்தில் பிறந்தது. குழு இல்லை, பிஸ்கட் இல்லை, ஒரே பதிப்பு. "போதுமாம்மா? இப்பவாவது அந்தக் குறிப்ப நிறுத்துவீங்களா?" என்று கெஞ்சினார்.

அக்கா வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினார். "முடிச்சுட்டேன் சார், விசாரணைக் குறிப்புங்கிறதால புதுசா வகை மட்டும்தான் கேக்குது. குழாயா, வால்வா, பம்பா, பணியாளரா, எதுலயும் அடங்க மாட்டேங்குது. 'இதர' இருந்திருந்தா பேசாம அதுல தள்ளியிருப்பேன், அதையும் நீங்களே ஒழிச்சுட்டீங்க. 'எல்லாருக்கும் தெரியும்'னு புதுசா ஒரு வகை திறந்துடட்டுமா சார்?"